எண் நிற்கும் வரை

காதுக்குள் ஒரு கல் இடம் மாறிவிட்டது என்றார் டாக்டர்.
கடுகில் நூறில் ஒரு பங்குகூட இருக்காதாம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கருப்பூர்ப் பக்கம் எடைமேடையில் உட்கார்ந்து
பதினொரு வருஷமாக
லாரி லாரியாக வெள்ளைக்கல் எழுதி அனுப்புகிறவள் நான்.
ஒரு கல்லும் என்னைக் கீழே தள்ளியதில்லை.

இது தள்ளியது.
செவ்வாய்க்கிழமை, பல் விளக்கும்போது,
தரை ஓடு மேலே ஏறி
கூரை வாளிக்குள் இறங்கியது.
விழுந்தும் பிரஷ்ஷை விடவில்லையாம்.
மிதுனா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

படுக்கவைத்து
தலையை இடப்பக்கம் திருப்பி முப்பது எண்ணி
வலப்பக்கம் திருப்பி முப்பது எண்ணி
கல்லை அதன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.
"ஒரு மாசத்துக்கு மலைப்பாதை வேண்டாம்."

ஏற்காட்டில் அறைக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது.
திருப்பித் தரமாட்டார்கள்.
மூன்று முறை தள்ளிப்போன லீவு வேறு:
ஒருமுறை ஆடிட்டிங், ஒருமுறை மிதுனாவுக்கு அம்மை,
ஒருமுறை மேனேஜர் வேங்கடாசலத்தின் மச்சானுக்குக் கல்யாணம்.
அவர் லீவில் போனால் நான் ஆபீஸில் இருக்க வேண்டும்.
நான் லீவில் போனால்
அவர் என் ஃபோனில் இருப்பார்.

இருபது கொண்டை ஊசி வளைவு.
செங்கோடன் காரை மாட்டுவண்டி மாதிரி ஓட்டினார்.
பின்னால் வந்த பஸ் ஹாரனிலேயே வைதது.
நான் கழுத்தை ஆட்டாமல்
தேரில் ஏற்றிய சாமிபோல் உட்கார்ந்து
வளைவு எண்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.
நாலு. ஏழு. காது அடைத்துத் திறந்தது.
பதினொன்றில் வாந்தி எடுத்தது மிதுனா.
ஜன்னலுக்கு வெளியே அல்ல.

ஓரங்கட்டி, தண்ணீர் ஊற்றி,
கொய்யாக்காய் விற்கிறவள் கொடுத்த பழைய பேப்பரால் துடைத்து
நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது:
கீழே ஊர்,
ஊருக்கு இந்தப் பக்கம்
தோல் வழன்ற முழங்கால்போல் எங்கள் வெள்ளைக் குழி.
இவ்வளவுதானா.
அதன் விளிம்பில் எங்கோ என் நாற்காலி.
இதற்கா ஐந்து மணிக்கு எழுந்து டிபன் கட்டுகிறேன்?
கைப்பிடிச் சுவரில் இருந்த குரங்கு
என் கேள்வியை விட்டுவிட்டு
எங்கள் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போனது.

மேலே போனதும் காய்ச்சலில் விழுந்தது செங்கோடன்.
எனக்கெல்லாம் சளிகூடப் பிடிக்காது என்று
ஆஸ்பத்திரி வாசலில் பெருமை பேசியவர்
இரண்டு கம்பளிக்குள் மூக்கு மட்டும் நீட்டிக் கிடந்தார்.
ஏரிக்கு நாங்கள் இருவரும் போனோம்.
படகு ஆடும் என்று ஏறவில்லை.
கரையில் நின்று சோளம் தின்றபடி
மற்றவர்கள் மிதிப்பதைப் பார்த்தோம்.
அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ராத்திரி கஞ்சி கேட்டால் லாட்ஜ் பையன் சூப் கொண்டுவந்தான்.
ஒன்பதரைக்கு ஃபோன். ஜெசிந்தா.
"அக்கா, மேடை காலியா இருக்கு, நாப்பது கிலோ காட்டுது."
"மழை பேஞ்சுதா?"
"ஆமாக்கா."
"சேத்த வழிச்சுப் போட்டுட்டு ஜீரோ பண்ணு.
எண்ணு நிக்கிற வரைக்கும் பட்டனத் தொடாத."

லாரி ஏறினால் எண்கள் துள்ளும்.
டிரைவர் இறங்கிய பிறகும்
இன்ஜின் அணைந்த பிறகும்
கொஞ்ச நேரம் துள்ளும்.
அவசரப்பட்டு அழுத்தினால் பொய் எடை.

யாரும் இல்லாதபோது நானும் அதில் ஏறிப் பார்த்திருக்கிறேன்.
பத்துப் பத்தாகத்தான் காட்டும்.
ஐம்பத்தாறு கிலோ எனக்கு அறுபது போடும்.
டைபாய்டு வந்த வருஷம் ஐம்பது.
இடையில் கூடியது குறைந்தது எதுவும்
அதற்குத் தெரியாது.

பனி ஜன்னல் இடுக்கில் உள்ளே வந்தது.
செங்கோடன் நெற்றியைத் தொட்டேன், நூறு இருக்கும்.
மிதுனா குறுக்கே படுத்து என் வயிற்றில் கால் போட்டாள்.
மூன்று வாரமாகத் திரும்பாத இடப்பக்கம்
மெதுவாகத் திரும்பினேன்.
சுவர் நகர்ந்தது.
எண்ணினேன்.
பதினேழில் நின்றது. பதினெட்டாகவும் இருக்கலாம்.

நாளை இறங்க வேண்டும்.
பதினொன்றைச் சுத்தமாகத் தாண்டினால்
அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் வாங்கித் தருவதாக
மிதுனாவிடம் பேச்சு.
கார வேண்டாம் என்று
எனக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்,
யாரென்று நினைவில்லை.