கட்டம் பதினொன்று

இறந்தவரிடமிருந்து மாதம் எவ்வளவு பெற்றுவந்தீர்கள்?
மிஸ் கோ ஆங்கிலத்தில் கேட்கிறாள்.
கோமளா அதைத் தமிழில் சொல்கிறாள், கொஞ்சம் மெதுவாக,
காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல.
முதல் தடவையே எனக்குப் புரிந்துவிட்டது.
இருந்தாலும் இரண்டாவதுக்குக் காத்திருக்கிறேன்,
இடையில் கணக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்று.

சிவநேசன் என் வங்கிக் கணக்கில் ஒரு காசு போட்டதில்லை.
கடைசி ரயில் போனதும் தண்டவாளத்தில் இறங்குவான்.
முதல் ரயிலுக்குமுன் ஏறிவிட வேண்டும்.
அங் மோ கியோவில் என் சமையலறை ஜன்னலுக்கு நேரே
ஐந்தரைக்கு மேல் அந்த ரயில் போகும்,
ஆளில்லாமல், பெட்டி நிறைய வெளிச்சத்தோடு.
அரிசி களைந்த கையோடு பார்ப்பேன்.
சரி, தம்பி ஏறிவிட்டான்.

ஏழு மணிக்குக் கதவுக் கம்பியில் அவன் பை உரசும்.
ஆளுக்கு இரண்டு பிராட்டா, தனிப் பையில் பருப்புக் குழம்பு.
தின்றுவிட்டு ஈசூன் அறைக்குத் தூங்கப் போவான்.
மேசையில் நோட்டு மடித்திருக்கும்,
மின்விசிறிக்குப் பறக்காமல் மேலே சீனி டப்பா.
எத்தனை வெள்ளி என்று
அவன் மின்தூக்கியில் இறங்கிய பிறகுதான் பார்ப்பேன்.
கொடுத்தான் என்ற சொல்
எங்களுக்கு நடுவே வந்ததே இல்லை.

நவம்பரில் ஒரு வியாழன் ரயில் வரவில்லை.
ஐந்தே முக்கால். ஆறு. ஆறு பத்து.
அரிசி தண்ணீரிலேயே கிடந்தது.

ரசீது உண்டா? உண்டு, பிஸ்கட் டின் நிறைய.
இன்சுலின், ஊசி, கண் மருத்துவமனை, எல்லாம் அவன் கட்டியது.
திறந்தால் எழுத்து வெளுத்து வெறும் தாள்.
சாய்த்துப் பிடித்தால் மருந்துக்கடையின் பெயர் தெரிகிறது,
தொகை தெரியவில்லை.

எதிர்த்தரப்பிடம் இருக்கும் தாள் மட்டும் வெளுக்கவில்லை.
ஆறு வருடத்துக்குமுன் உதவித்தொகைக்கு நான் போட்ட மனு:
‘என்னை ஆதரிக்க யாரும் இல்லை.’
கையெழுத்து என்னுடையதுதான். பேனா அவனுடையது.
“என் பேரைப் போட்டா தரமாட்டாங்கக்கா, இல்லேன்னே எழுது.”
எழுதிவிட்டுக் கீழே போய்த் தே தாரிக் குடித்தோம்.
காசு அவன் கொடுத்தான்.
பக்கத்தில் அவன் உட்கார்ந்திருக்க, இல்லை என்று எழுதினேன்.
இப்போது இருந்தான் என்று எழுதச் சொல்கிறார்கள்.

கட்டம் பதினொன்று ஒரு விரல் அகலம்.
சார்ந்திருந்த அளவு, வெள்ளியில்.
எவன் தயவிலும் நான் இல்லை என்று
இருபது வருடம் புளோக் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்.
அதற்குச் சாட்சிகள் நிறைய, தேவைப்பட்டால்.

மிஸ் கோ பேனாவை மூடுகிறாள், திறக்கிறாள்.
கால்குலேட்டரை இழுத்துக்கொண்டு,
பிராட்டாவிலிருந்து தொடங்கலாம் என்கிறாள்.
வாரத்துக்கு எத்தனை நாள்?
முட்டையா, கோசோங்கா?

கோமளா வாய் திறக்குமுன் சொல்லிவிடுகிறேன்:
ஆறு நாள்.
சம்பள வாரம் எனக்கு முட்டை.
அவனுக்கு எல்லா வாரமும் கோசோங்.