அது ஆலோசனை அல்ல

எபேன், பதினோராம் மாடி.
கண்ணாடியில் மழை சாய்ந்து அடிக்கிறது.
இரண்டாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை;
மூன்று என்றால் பேருந்தும் மெட்ரோவும் நின்றுவிடும்.
அதற்குள் ஒரு பத்தியைத் திருத்தியாக வேண்டும்.

பத்தி பழையது. யார் எழுதியதோ.
நினைவகத்தில் ஒரு துண்டைச் சுட்டிக்காட்டி
'இது இனித் தேவையில்லை' என்று
நிரல் கெர்னலிடம் சொல்லும் அழைப்பு.
அழைப்பின் பெயரே ஆலோசனை.
'கெர்னல் இதைப் புறக்கணிக்கலாம்' என்று முடிகிறது பத்தி.

அந்த 'லாம்'.
அதை நம்பித்தான் யோவன் அப்பாவு
துறைமுகத்துக் கடல்மட்டக் கருவியின் நிரலில்
அழைப்பை ஒரு வரி முன்னதாகப் போட்டுவிட்டான்,
அளவுகள் கோப்பில் ஏறும் முன்பே.
சென்ற செவ்வாய், போர்ட் லூயியில்
மூன்று மணி நேரம் கடல் பூஜ்யம்.
ஏற்றம் இல்லை, வற்றம் இல்லை.
எந்த மணியும் அடிக்கவில்லை.
பூஜ்யமும் ஓர் அளவுதானே.

பாவம், கையேட்டை வாசித்தவன் அவன்.
வாசிக்காதவர்கள் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை.

ஆங்கிலத்தில் எழுதும் முன்
வினைச்சொற்களைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம்.
ரோஸ் ஹில் பள்ளியில் படித்தது கொஞ்சம்,
மிச்சம் நானாகச் சேர்த்தது.
எந்தச் சொல் கைகட்டி நிற்கும்
எந்தச் சொல் கைவைக்கும்
என்பது நாக்குக்குத் தெரிந்துவிடும்.

'வேண்டாம்' என்று சொல்லிப் பார்த்தேன்.
உடனே காவடி நாள் பந்தி,
கோர்-தெ-கார்த் மலையடிவாரம், ஏழு கறி,
வாளியோடு வீராபென்.
இலைமேல் இரண்டு கையையும் குடையாகப் பிடித்து
வேண்டாம், ஐயோ, வேண்டாம் என்கிறேன்.
விரல் இடுக்கில் ரசோனை ஊற்றிவிட்டு
அடுத்த இலைக்குப் போய்விட்டார்.
ஆலோசனை என்றால் அது.

கெர்னல் பந்தி விசாரிப்பதில்லை.

சோதிக்க ஒரு சின்ன நிரல்:
ஒரே ஒரு பக்கம், நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்.
அதில் 'அ' எழுதி நிரப்பினேன்.
ஓர் 'அ' மூன்று பைட் பிடிக்கும்;
ஆயிரத்து முந்நூற்று அறுபத்தைந்து 'அ' போக
ஓரத்தில் ஒரு பைட் மிச்சம்.
தேவையில்லை என்றேன்.
திருப்பி வாசித்தேன்.
முதல் 'அ'விலிருந்து அந்த மிச்சம் வரை
பூஜ்யம்.
முகவரி அப்படியே இருக்கிறது.
கதவும் திறக்கிறது.
யாரும் குடியிருந்த சுவடில்லாமல்
கழுவித் துடைத்த அறை.

ஆகவே எழுதுகிறேன்:
கோப்பிலிருந்து வந்த பக்கமானால்
மறுபடி தொட்டதும் கோப்பிலிருந்தே வரும்.
பெயரற்ற பக்கத்துக்கு
திரும்பி வர ஓர் ஊர் கிடையாது.
பூட்டிய பக்கத்தைக் கொடுத்தால் கெர்னல் மறுத்துவிடும்.
'அவசரமில்லை, நெருக்கடி வந்தால் எடுத்துக்கொள்'
என்பதற்குத் தனியாக ஒரு கொடி உண்டு,
அது திறந்து கிடக்கும் இலை;
எடுக்குமுன் மறுபடி பிசைந்துவிட்டால் உன்னுடையது.
இதுவோ மடித்த இலை.

இலையை அழித்தேன், இரண்டு இடத்திலும்.
கையேட்டில் அதற்கு இடமில்லை.
'லாம்' போய் 'உடனடியாக' வந்தது.
கடுமையாக இல்லையா என்றாள் நதேழ்,
தோளுக்கு மேலாக வாசித்து.
கடுமைதான் என்றேன்.

யோவன் வந்து நின்றான், சட்டை நனைந்து,
அந்த மூன்று மணி நேரம் எங்காவது, என்று தொடங்கி.
தலையசைத்தேன்.
அன்றைக்குக் கரையில் யாராவது பார்த்திருப்பார்கள் என்றான்.
பார்த்திருப்பார்கள்.
தூண்டில்காரர்கள் சென்டிமீட்டர் எழுதி வைப்பதில்லை.

மூன்று அறிவித்துவிட்டார்கள்.
நதேழ் குடையைத் தேடுகிறாள், எந்தக் குடை தாங்கும்.
'பிழைகள்' என்ற கடைசிப் பகுதி
இத்தனை வருடமும் காலியாகவே கிடந்திருக்கிறது.
ஒரு வரி சேர்த்து மூடினேன்:

பிழைகள்: இந்த அழைப்பின் பெயர்.