மூன்றாம் தடவை

மோரியோகாவில் விடாத பனி.
சாஸ் புட்டி தலைகீழாய் நின்று
ஒரு தும்மல் தும்மியதோடு சரி.

இவாவோ கிண்ணம் எடுத்தான்.
தக்காளி கெச்சப், சோயா, சர்க்கரை,
துருவிய பாதி ஆப்பிள்.
வரிவரியான உரலில் எள் நசுங்க
அடுப்படியைத் தாண்டி வாசனை.

பொரித்த கறிக்குக் 'கட்சு' என்று பேர்;
காதில் விழுவது 'வெற்றி' என்று.
போன இரண்டு தடவையும்
தின்றுவிட்டுத்தான் போனாள் சயோகோ,
ஃபோர்க்லிஃப்ட் உரிமத் தேர்வுக்கு.

தொட்டு நக்கினாள்.
"இனிப்பு தூக்கல்."
சோயா இன்னும் நாலு சொட்டு.
"ம்."

பிறகு பேச்சில்லை.
குச்சிகள் இரண்டையும் இணையாய்ப் பிடித்து
ஒரு துண்டின் அடியில் மெல்லச் செருகினாள்.
உயர்த்தினாள்.
பின்னால் நகர்த்தும்போது
வாய்க்குள்ளேயே பீப் பீப்.

இவாவோ தன் தேநீர்க் கோப்பையை ஒதுக்கி
வழிவிட்டான்.