நான்காவது இருக்கை

ஆற்றின் மட்டம் பூஜ்யம் என்றது திரை.
சன்னலுக்குக் கீழே ஸ்வரத்கா
பனிக்கட்டிகளை உருட்டிக்கொண்டு
கரையை முட்டி ஓடிக்கொண்டிருந்தது.

பிர்னோவில் அது பிப்ரவரி.
"சென்சார் போச்சு" என்றான் வெந்தெலீன்.
முழங்கால் தண்ணீரில் இறங்கி
இரண்டு முறை மாற்றினான்.
மூன்றாம் முறைக்குக் கையுறையைத் தேடும்போதுதான்
ஹெத்விகா நான் எழுதிய நிரலைத் திறந்தாள்.

கெர்னலிடம் கத்திக் கேட்க முடியாது.
வேண்டுதலின் எண் முதலில், அதற்கென்றுள்ள ரெஜிஸ்டரில்:
பதினேழு. அதாவது, வாசித்துக் கொடு.
பிறகு எந்தக் கோப்பு,
எங்கே கொட்டுவது, எத்தனை பைட்,
கோப்பின் எந்த இடத்திலிருந்து.
நால்வரும் உட்கார்ந்த பின் ஒரே சொல், சிஸ்கால்.
கதவு திறக்கும்.
உள்ளே இருப்பவர் முகம் பார்ப்பதில்லை,
இருக்கையைப் பார்க்கிறார்.

நமக்குள் அழைத்துக்கொள்ளும்போது
நான்காமவரின் இடம் ஆர்சிஎக்ஸ்.
பழக்கதோஷம், அங்கேயே உட்காரவைத்தேன்.
வாசலைத் தாண்டும் கணத்தில்
பிராசஸர் அந்த இருக்கையைப் பிடுங்கிக்கொள்கிறது,
திரும்பி வரவேண்டிய முகவரியை எழுதிவைக்க.
கொஞ்சம் எழுந்திருங்கள் என்றுகூடச் சொல்வதில்லை.
தப்பென்றும் சொல்ல முடியாது.
வழி தெரியாமல் உள்ளேயே நின்றுவிட்ட நிரலை
யார் போய் அழைத்துவருவது?

அதனால்தான் கெர்னல்
நான்காமவரை ஆர்பத்தில் தேடுகிறது.
என் ஆர்பத்தில்
எப்போதோ பெருக்கியதன் மிச்சம் கிடந்தது,
பெரிய எண்,
கோப்பின் முடிவுக்கு வெகு அப்பால்.
சொன்னபடி அங்கே போய் வாசித்தது.
அங்கே ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பது பிழையுமில்லை.

கழித்தல் பதினான்கு என்று கடிந்திருந்தால்
அன்றைக்கே விழித்திருப்பேன்.
பூஜ்யம் என்றது, மிக மரியாதையாக.
அதை நான்
ஆற்றின் மட்டம் என்று எழுதிவைத்தேன்,
ஆறு வாரம்.

ஹெத்விகா ஒரு வரி சேர்த்தாள்:
அழைக்கும் முன், ஆர்சிஎக்ஸில் இருப்பது ஆர்பத்துக்கு.
இரண்டு மீட்டர் பதினோரு சென்டிமீட்டர்
என்றது திரை.
அவள் காபி எடுக்கப் போய்விட்டாள்.

வெந்தெலீனிடம் எப்படிச் சொல்வது?
முதலில் வைக்கவேண்டியது மன்னிப்பா, காரணமா,
இதற்கு யாரும் வரிசை வகுத்துவைக்கவில்லை.
போனில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினேன்.

வெகுநேரம் எதுவும் திரும்பி வரவில்லை.
பிறகு,
"ரேடியேட்டர் மேல்தான் வைத்திருக்கிறேன்" என்றான்,
"பூட்ஸ் இன்னும் காயவில்லை."