வெயில் பொய்த்த ஆண்டு

உஸ்தின்யா ரைக் கதிரொன்றை
நகத்தால் கீறினாள்.
பால்.
அரிவாள் தீட்டி முடித்திருக்க வேண்டிய வாரத்தில்
இன்னும் பால்.

பத்து வாரம் விடாத மழை.
கொஸ்த்ரோமாவுக்கு மேற்கே, ஆற்றுக்கு இப்புறம்
உலர்ந்த பொருள் என்று ஒன்றில்லை.
அடுப்பின்மேல் வைத்த உப்பும் கசிந்து கிடந்தது.
மழை விட்ட அன்று ஊரே வெளியே வந்து
அண்ணாந்தது.
சூரியன் இருந்தது. விளிம்பு இல்லை.
மோர்ச் சட்டியில் விழுந்த காசு.
கண் கூசாமல் பார்க்க முடிந்ததே,
அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அன்றிரவு உறைபனி.
விடியலில் வயலுக்குள் நடந்தாள்,
காலடியில் கண்ணாடி நொறுங்கும் ஓசை.
பால் இறுகி, மறுவாரம் கருத்தது.

என் மொழியில் மழை பொய்க்கும்.
அதற்கென்றே ஒரு வினை வைத்திருக்கிறோம்.
வெயில் பொய்த்தது என்று
யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
ஆயிரத்து அறுநூற்று ஒன்றாம் ஆண்டின் இவளுக்காக
இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

ஊர் காரணம் தேடியது.
மணியடிப்பவன் குடித்துவிட்டுத் தூங்கினானாம்.
எல்லைக்கல் வழக்கில் த்ரெத்யாக்
சிலுவையை முத்தமிட்டுப் பொய் சொன்னானாம்.
தன் பங்குக்கு உஸ்தின்யாவும்
விரத நாளில் விரல் நுனியால் நக்கிய வெண்ணெயை
அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள்.

ஒருவருக்கும் தெரியாது,
ஒன்றரை ஆண்டுக்கு முன்னால்
பூமியின் மறுகோடியில், பெரு நாட்டில்
மலை என்று யாரும் மதித்திராத ஒரு மேடு
வாய் திறந்தது.
அங்கே நண்பகலில் பந்தம் கொளுத்தி
பிள்ளைகளைத் தேடினார்கள்.
சாம்பலுக்குக் கனம் உண்டு, இறங்கிவிட்டது.
இறங்காமல் நின்றது கந்தகம்.
மழை கழுவ முடியாத உயரத்தில்
நுண்துளிகளாகி, கண்டம் கண்டமாய்ப் படர்ந்து
வந்த வெயிலில் ஒரு கைப்பிடியை
வந்த வழியே திருப்பி அனுப்பியது.
ஒரு கைப்பிடிதான்.
பால் மணியாவதற்கு
அந்த ஒன்றுதான் குறைந்தது.

கருத்த மணியையே விதைத்தாள். வேறில்லை.
பனி இளகியதும் மண்டியிட்டு
விரலால் தோண்டினாள்.
போட்டது போட்டபடி.
எடுத்துப் பாவாடையில் துடைத்தாள்.
வாயில் போடுவதா, மறுபடி புதைப்பதா
என்று உட்கார்ந்திருக்கையில்
மேற்கே அந்தி.
அவள் பிறந்தது முதல் கண்டிராத சிவப்பு,
ஓரங்களில் ஊதா.

அழகாயிருந்தது.
அதை மட்டும்
அவள் எந்தப் பாதிரியிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.