மீற்றர்

பகலில் வீடுவீடாய்க் கரண்ட் மீற்றர் பார்த்து
அடுத்தவர் எண்களை எழுதுகிறேன்.
விடியமுன் என்னுடைய எண்ணை.

பண்ணையில் தொடங்கி
மண்டைதீவுச் சந்தி தாண்டித் திரும்பினால்
பத்தாயிரம் மீற்றர்.
முதல் வருடம் நாற்பத்தேழு நிமிசம்.
நாலாம் வருடம் நாற்பத்தொன்று, பதின்மூன்று செக்கன்.
இடையில் கிடப்பவை
கழன்று விழுந்த இரண்டு கால்நகங்கள்,
கலியாண வீடுகளில் நான் தொடாத பலகாரம்,
ஒரு டெங்கு,
ஒன்பது மணிக்கே அணைத்த விளக்கு.
கணக்குப் பார்த்தேன் ஒருநாள்:
நாலு விடியல் கொடுத்தால் ஒரு செக்கன்.
மலிவோ அறாவிலையோ தெரியவில்லை.

மாவட்டப் போட்டிக்கு ஆள் குறைய
குருநகரிலிருந்து எமில்தாசைக் கூட்டிவந்தார்கள்.
முதல்நாள் இரவும் வலைக்குப் போனவன்.
இரவல் சப்பாத்து, ஒரு நம்பர் பெரிது,
நுனியில் பேப்பர் அடைத்திருந்தான்.
பதினாலாம் சுற்றில்
ஒரு முழுச் சுற்றால் என்னைத் தாண்டும்போது
"மச்சான், இன்னும் எத்தினை கிடக்கு?" என்றான்,
சந்தையில் மீன்விலை கேட்பவன் மாதிரி.

பிறவி என்றார்கள்.
பிறவிதான் என்று நானும் சொன்னேன்.
அப்படிச் சொல்லிவிட்டால் தோற்பது சுகம்,
கடவுளோடு யார் போட்டி போடுவது.

பேந்தொரு காலை
சோளகம் முகத்தில் அறைய ஓடிக்கொண்டிருந்தேன்.
பாலத்துக்குத் தெற்கே, இடுப்பளவு தண்ணீரில்
தோளில் தடிகள் சுமந்து
அவன் களங்கண்ணிக்கு நடந்துகொண்டிருந்தான்.
சேறு ஒவ்வொரு காலையும் பிடித்து வைத்து
யோசித்து யோசித்து விட்டது.
பத்து வயதிலிருந்து இப்படித்தான் என்றான்,
கரையேறி வந்து.
அதற்கு ஒரு கொப்பியும் இல்லை.

நண்டுக் கூடையை இறக்கிவிட்டுக் கேட்டான்:
"ஒருத்தரும் எழுப்பாமல்
ஒவ்வொரு நாளும் எப்பிடியடா எழும்புறாய்?
தொழில் இல்லாட்டி நான் பத்துமணி மட்டும் படுப்பன்.
உனக்கு அது பிறவியிலேயே வந்ததோ?"

சொல்ல ஒன்றும் வரவில்லை.
கைக்குழந்தையாய் இருந்தபோதே
சேவலுக்கு முன்னம் விழித்துவிடுவேனாம்,
அழமாட்டேனாம், முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேனாம்.
அம்மா இதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா.

கைக்கடிகாரத்தை நிறுத்த மறந்திருந்தேன்.
வீட்டுக்கு வந்து பார்க்க
ஒரு மணி இருபத்தாறு நிமிசம்.
அதை அப்படியே எழுதினேன்.

மறுநாள் நாற்பத்திரண்டு.
எதிர்க்காற்று.