பென்சில் கோடு

பால் காய்ச்சின பாத்திரத்தை
இன்னும் திருப்பித் தரவில்லை.
அதற்குள் கூடத்துக்கு நடுவே விரிசல்.

“முடி விரிசல்தாம்மா, சிமெண்டு மூச்சு விடுது”
என்கிறார் மேஸ்திரி ஏகாம்பரம்.

பகலெல்லாம் எக்ஸ்ரே அறையில்
இதே முடியைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.
மணிக்கட்டு என்றால் மாவுக்கட்டு, ஆறு வாரம்.
தரைக்கு?

விரிசல் நின்ற இடத்தில்
பென்சிலால் குறுக்கே கோடிழுத்துத் தேதி போட்டேன்.
சித்திரை பதினொன்று.
கழிஞ்சூரில் அன்று நூற்றெட்டு டிகிரி,
தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை.

இவர் ஒரு ரூபாயால் தரையைத் தட்டிக்கொண்டே தவழ்கிறார்.
இங்கே கெட்டி. இங்கேயும் கெட்டி.
சோபாவுக்கு அடியில் வேறு சத்தம்.

மூலப்பத்திரம் வங்கியில்.
நகலில், நான்கெல்லைக்குக் கீழே, மங்கின எழுத்தில்:
“பொதுக்கிணற்றில் நாலில் ஒரு பாகம்.”
எந்தக் கிணறு?
ஏகாம்பரம் போனை எடுக்கவில்லை.

கோடை மழை ஒன்று பெய்தது.
காலையில் விரிசல் என் கோட்டைத் தாண்டி
அரை விரல் போயிருந்தது.

இருபது வருஷத் தவணையில் இரண்டுதான் கட்டியிருக்கிறோம்.

காட்பாடியிலிருந்து வெள்ளைச் சிமெண்டு வாங்கி வந்தார்.
பழைய ஏடிஎம் அட்டையால் வழித்து வழித்துப் பூசினோம்.
மீதியை ஈரம் படாமல் கட்டி
அரிசிக்குப் பக்கத்தில் வைத்தேன்.